ஏழாம் கிணற்றின் மறு அளவு

ஆறுக்கு அடுத்து எட்டு வந்திருக்க வேண்டும். ஏழு வந்திருந்தது.

தேசிகன் காகிதத்தை விளக்கடியில் பிடித்து மறுபடி பார்த்தான். அந்த மாதத்து அட்டைகளைக் காலையில் எண்ணி அடுக்கியவனே அவன்தான். ஒரு கிணற்றுக்கு ஒரு அட்டை. அட்டையில் துளைத்திருக்கும் ஓட்டைகள்தான் எண்கள். ஏழாம் கிணற்றுக்கு இந்த மாதம் அட்டை கிடையாது. போன மாதம் அதை அளக்கப் போனவன் அதிலேயே விழுந்து செத்துப்போனான், அதற்கப்புறம் அந்தப் பக்கம் எவன் எட்டிப் பார்ப்பான்? ஆனாலும் பிரிண்டர் தன் பாட்டுக்கு அச்சடித்து வைத்திருந்தது. கிணறு ஏழு. மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் முப்பத்தொரு அடி. அளந்தவர் எண் நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று என்பது கலியனின் எண். அந்தச் செத்துப்போனவனின் எண்.

“பழைய குப்பை” என்று வாய்விட்டே சொன்னான். தனியாக வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். பேச ஆளில்லையென்றால் மெஷினோடாவது பேச வேண்டாமா? இந்தக் கம்ப்யூட்டரின் மெமரி என்பது வேறொன்றுமில்லை, கடுகளவு இரும்பு வளையங்களைக் கம்பியில் கோத்துப் பின்னிய ஒரு வலை. எட்டாயிரம் எண்கள் கொள்ளும், அதற்கு மேல் ஒன்றுகூடக் கொள்ளாது. கரண்டை நிறுத்தினாலும் அந்த வளையங்கள் மறப்பதில்லை. போன மாதம் போட்ட எண், வேறொன்றை அதன்மேல் எழுதுகிற வரைக்கும், அப்படியே கிடக்கும். புது அட்டை வராத இடத்தில் பழசு எட்டிப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அப்படித் தேற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தான்.

எழுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி மழை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. புதுவாயல் முனையைத் தாண்டி கும்மிடிப்பூண்டிக்குப் போகிற ரோட்டில், ஒரு இரும்புப் பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கில்தான் அந்த நிலத்தடி நீர் ஆய்வு ஆபீஸ் இருந்தது. மீஞ்சூர்ப் பக்கக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கடல் நிலத்துக்கடியில் எதுவரை வந்திருக்கிறது, அங்கிருந்து திருவள்ளூர் வரைக்கும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அறுநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளை மாதாமாதம் அளந்து மெஷினுக்குள் போடுவார்கள். கிடங்கின் நடுவே, ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், நாலு சுவர் எழுப்பி, அடியில் கேபிள் ஓடுவதற்காகப் பலகைகளால் பொய்த்தரை போட்டு, அதற்குள் மெஷினை வைத்திருந்தார்கள். வாரநாளில் மின்வெட்டு உயிரை வாங்கும். பட்டறைகள் மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கரண்ட் ஒழுங்காக நிற்கும். ஆகவே ஊரெல்லாம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உருளுகிற நாளில் தேசிகன் மட்டும் பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வந்து இந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பான்.

வீட்டில் இருந்துதான் என்ன வாழ்ந்தது? அப்பாவுக்குத் திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம். வம்சத்தில் வந்த சேவையை விட்டுவிட்டு இரும்புப் பெட்டிக்கு ஆராதனை பண்ணுகிறான் பிள்ளை என்று அவர் பேச்சை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. வயது முப்பத்திநாலு. கல்யாணமும் கூடிவரவில்லை. அவனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டே எத்தனை நாளாயிற்று என்று யோசித்தால் அவனுக்கே தெரியாது. மெஷின் ஒன்றுதான் அவன் சொன்னதைச் செய்யும், அவன் கேட்டதற்குப் பதில் சொல்லும். அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு, சொல்லத்தான் வெட்கம்.

இன்றைக்குத்தான் அந்தப் பெருமைக்குச் சோதனை. ஐந்து வருஷத்துக் கிணற்று அளவுகளையும் சேர்த்துப் போட்ட அறிக்கை திங்கட்கிழமை காலை பெரிய இன்ஜினீயர் ஜோசப்பின் கையில் இருக்க வேண்டும்; அவர் அதை மெட்ராசுக்கு எடுத்துப் போவார். மெஷினோ பாதியில் நின்று நின்று போகிறது. நாலு முறை ஓட்டியாயிற்று, நாலு முறையும் இடமில்லை இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

கதவைத் தட்டிக்கொண்டு வாட்ச்மேன் பரசுராமன் தலையை நீட்டினான். மழைத் தண்ணீர் அவன் காக்கிச் சட்டையிலிருந்து சொட்டியது.

“சார், கேட்டாண்ட ஒரு பொம்பள வந்து நின்னுகினு போமாட்டேன்னுது. திருப்பாச்சூருலேந்து பஸ்சு மாறி வந்துக்கிதாம். நனஞ்சிகினு நிக்கிது சார், பாக்கவே பேஜாரா கீது.”

“யாராம்?”

“அந்தக் கெணத்துல வுழுந்தாரே கலியன், அவரு சம்சாரமாம். கெங்கம்மாளாம். உங்களத்தான் பாக்கணுமாம்.”

தேசிகனுக்கு எழுந்திருக்கவே மனமில்லை. இருந்தாலும் போனான். வாட்ச்மேன் கொட்டகையின் தகரக் கூரைக்கடியில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நாற்பது வயதுக்குள் ஒருத்தி நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சாமி, எங்க ஊட்டுக்காரரு பொய் அளவு எழுதுனாருன்னு ஆபீசுல பேரு எழுதி வெச்சிக்கிறீங்களாமே. ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? மாட்டிக்கினான், மானம் போயிடுச்சின்னு தானே குதிச்சிட்டான்றாங்க. எம் புள்ளைங்க காதுல வுழுவுது சாமி.”

“நான் என்னம்மா பண்ணட்டும்? மெஷின் சொல்றதை நாங்க எழுதறோம். அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன்னு கிடையாது.”

“அவுரு எப்பிடி அளப்பாருன்னு பாத்துக்கிறீங்களா? இரும்பு டேப்பு நுனில ஈயக் குண்டு. அஞ்சடிக்கு சாக்கட்டி பூசிக்குவாரு. கெணத்துல உட்டு, தண்ணில மூழ்க உட்டு, தூக்கிப் பாப்பாரு. எதுவரைக்கும் சாக்கட்டி நனஞ்சி கருத்துப்போச்சோ, அதுதான் அளவு. ஒரு தபா இல்ல, மூணு தபா உடுவாரு. மூணும் ஒண்ணா வந்தாத்தான் எழுதுவாரு. ஒரு நூலு வித்தியாசம் இருந்தாலும் மறுக்கா உடுவாரு. நானே கூடப் போயி நின்னுக்கிறேன். அந்த மனுசனா பொய் எழுதுவாரு?”

மறு அளவு எடுக்கச் சொல்லி மெஷின் அச்சடிக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவன் தேசிகன்தான். மூன்று மாதமாக அந்தச் சீட்டுகள் கலியன் பேருக்கே போய்க்கொண்டிருந்தன.

“கடசி சீட்டு வந்த அன்னிக்கி அடமழ” என்றாள் கெங்கம்மாள். “வாணாம்யா, நாளிக்கிப் போலாம்னேன். ‘அந்த சாரு நம்பமாட்றாரு, இன்னொரு தபா அளந்து குடுத்துட்டா நம்புவாரு’ன்னுட்டுப் போனாரு. கெணத்துக் கட்ட இடிஞ்சி அவரோட உள்ள பூட்சி. பேர அடிச்சிடுங்க சாமி. வேற ஒண்ணும் கேக்கல.”

“மெஷின் தப்புப் பண்ணாதும்மா.”

“மெசினு பண்ணாது. ஆளு பண்ணுவாங்க இல்ல?”

அவனுக்குச் சுருக்கென்றது. “பார்க்கறேன், நீ கெளம்பு. இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேரு” என்று திரும்பிவிட்டான். பரசுராமன் ஒரு கிழிந்த குடையை எடுத்துக்கொண்டு, “பஸ் ஏத்தி உட்டுட்டு, அப்பிடியே ஒரு டீ குட்ச்சிட்டு வந்துர்றேன் சார்” என்று அவளோடு ரோட்டுப் பக்கம் நடந்தான். இரண்டு பேரும் மழைக்குள் மங்கிப் போகிற வரைக்கும் தேசிகன் பார்த்துக்கொண்டு நின்றான். கூப்பிடலாமா என்றுகூட ஒரு கணம் இருந்தது. எதற்குக் கூப்பிடுவது?

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் வெட்டிவிட்டாற்போல் நின்றது. ஏ.சி.யின் ஒரே சீரான முனகலும், மெஷினின் விசிறிகள் சுற்றும் ரீங்காரமும், எண்ணெயும் புதுக் காகிதமும் சூடேறிய பெயின்ட்டும் கலந்த அந்த வாசனையும்தான் மிச்சம். ஆனால் அவற்றுக்கு அடியில், முன்பு இல்லாத ஒன்றாக, நாளான தண்ணீரின் வாடை, பாசி பிடித்த செங்கல்லின் வாடை, மூக்கை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனது. பொய்த்தரைக்கு அடியில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்குமோ? ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தான். கேபிள்களும் தூசியும். காய்ந்து கிடந்தது.

முதலில் மெமரியைச் சுத்தமாகத் துடைத்தான். எட்டாயிரம் இடத்திலும் பூஜ்யத்தை எழுதச் சொல்லி ஒரு சின்ன புரோகிராம். அது ஓடி முடிந்தால் பழைய குப்பை என்று எதுவுமே இருக்க முடியாது. பிறகு அட்டைக் கட்டைப் போட்டான். அட்டைகள் படபடவென்று விழுங்கப்பட்டன. பிரிண்டர் உயிர்பெற்று வரிவரியாகத் தட்டியது, ஐந்து, ஆறு.

ஏழு. முப்பதரை அடி. நாற்பத்தொன்று.

பூஜ்யம் போட்ட இடத்தில் எண் எங்கிருந்து வரும்? சரி, வந்தே தொலைந்தாலும் பழைய எண்ணல்லவா வர வேண்டும்? முப்பத்தொன்று முப்பதரையாகக் குறைந்திருக்கிறது. மேலே இருந்து தண்ணீர் வரைக்குமான தூரம் குறைகிறதென்றால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம்.

“சரி, எங்கேயோ ஓட்டை. கண்டுபிடிச்சுட்டாப் போச்சு” என்றான். குரல் அறையில் சற்று அதிகமாகவே முழங்கியது. செருப்பைக் கழற்றி வைத்திருந்த பாதங்கள் ஈரமாக இருந்தன. மழையில் நின்றோமே என்று நினைத்துக்கொண்டான்.

மெஷின் எந்த எண்ணை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று முழு மெமரியையும் அச்சடிக்கச் சொன்னான். முப்பது பக்கம் வந்து விழுந்தது. தரையில் விரித்து, முழங்காலிட்டு, சிவப்புப் பென்சிலோடு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். இந்த வேலையில் அவன் கில்லாடி, அதை மறுக்க முடியாது. இந்த மாத அளவுகளுக்கு ஒரு வரிசை இடம், அதை ஒட்டினாற்போல் போன மாத அளவுகளுக்கு ஒரு வரிசை. இரண்டையும் மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே மாதத்தில் தண்ணீர் இருபது அடி ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரிந்தால், அளந்தவன் பொய் எழுதியிருக்கிறான் என்று மறு அளவுச் சீட்டு அடிக்கும்.

போன மாத வரிசையின் முதல் எண்ணைப் பார்த்தான். திருப்பாச்சூரின் முதலாம் கிணறு. முப்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

அடுத்தது ஐம்பத்தைந்து. அதற்கடுத்தது ஐம்பத்துமூன்று.

இவை திருப்பாச்சூர் எண்களே அல்ல. மீஞ்சூர் எண்கள்.

புரோகிராம் எழுதியிருந்த தாளைத் தேடி எடுத்தான். இந்த மாத வரிசைக்கு அவன் ஒதுக்கியிருந்த இடம் அறுநூறு. ஆடியில் ஜோசப் மீஞ்சூர்ப் பக்கம் பன்னிரண்டு கிணறுகளைப் புதிதாகச் சேர்த்தார். அட்டைகள் அறுநூற்றுப் பன்னிரண்டாயின, இடம் அறுநூறாகவே நின்றது. மிஞ்சிய பன்னிரண்டு எண்களும் வேலியைத் தாண்டி அடுத்த வரிசையின் தலையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்த முதல் பன்னிரண்டு கிணறுகளின் போன மாத அளவை அழித்துவிட்டன. முதல் பன்னிரண்டும் கலியன் அளப்பவை. அவன் முப்பத்தொன்று என்று எழுதுவான். மெஷின் அதை மீஞ்சூரின் ஐம்பத்திரண்டோடு ஒப்பிட்டுப் பொய் என்று சொல்லும். மறுபடி அளந்து முப்பத்தொன்று என்றே எழுதுவான். மறுபடி பொய். அவன் சாகிற வரைக்கும் பொய்.

தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. ‘600 போதாது, இடம் நெருக்கடி, அப்புறம் பார்க்கலாம்.’ அவன் கையெழுத்து. ஆடி மாதத்துத் தேதி.

பெருமாளே, நான் கொன்னுட்டேனே. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. தரையில் விரித்த காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அளந்து குடுத்துட்டா நம்புவாரு என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனவனை அவன் ஒரு தரம்கூட நேரில் பார்த்ததில்லை. அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நல்ல மனுஷனாக இருந்தால் இந்த இடத்தில் எழுந்து போய் ஜோசப்பின் மேஜையில் ஒரு கடிதம் எழுதி வைத்திருப்பான். தேசிகன் கெட்டவனில்லை, பயந்தவன். பயம் வேறு மாதிரி யோசித்தது. சொன்னால் வேலை போகும், அது போகட்டும். அவனுடைய மெஷின், அவனுடைய புரோகிராம், மூன்று வருஷமாக அப்பாவிடம் பேசாமல் கட்டிக்காத்த அந்த ஒரே பெருமை போகும். செத்தவன் செத்துவிட்டான். சத்தமில்லாமல் தப்பைத் திருத்திவிட்டால் இனி யாருக்கும் கெடுதலில்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

திருத்தினான். வேறொரு பட்டியலை வெட்டி இடம் பிடித்து, அறுநூற்றை அறுநூற்றுப் பன்னிரண்டாக்கினான். மெமரியை அச்சடித்த முப்பது பக்கத்தையும், பென்சில் குறிப்பிருந்த தாளையும் கிழித்துக் குப்பைக் கூடையில் அமுக்கினான். அறிக்கையின் கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது. பொய் அளவு எழுதியவர்களின் பட்டியல் அது. அதில் ஒரே ஒரு அட்டைதான். நாற்பத்தொன்று. அந்த அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தான். இதை உருவிவிட்டால் போதும். ஆனால் ஏன் உருவினாய் என்று ஜோசப் கேட்பாரே?

அட்டையைத் திரும்பக் கட்டுக்குள் செருகினான்.

முழங்கால் வரைக்கும் ஜில்லென்றது. குனிந்து பார்த்தான். பான்ட் முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மழையில் நின்றது மூன்று மணிநேரத்துக்கு முன்னால், இந்த ஏ.சி.க்கு எப்போதோ காய்ந்திருக்க வேண்டும். நனைந்த இடத்துக்கும் காய்ந்த இடத்துக்கும் நடுவே, இரண்டு காலிலும் ஒரே உயரத்தில், கோடு போட்டதுபோல் ஒரு எல்லை இருந்தது. தரை மட்டும் காய்ந்தே கிடந்தது.

ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். பரசுராமன் இந்நேரம் வந்திருப்பான்.

அட்டைகள் ஓடின. பிரிண்டர் தட்டியது. எல்லாம் ஒழுங்காக வந்தது, திருப்பாச்சூர்க் கிணறுகள் எதற்கும் சீட்டு இல்லை. ஏழாவது வரியில் மட்டும்.

ஏழு. இருபத்தொன்பது அடி. நாற்பத்தொன்று.

அதற்கு அடுத்த வரியிலும் ஏழு. இருபத்தெட்டரை.

அடுத்ததும் ஏழு.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. ஏழு, ஏழு, ஏழு. காகிதம் மடிந்து மடிந்து மெஷினுக்குப் பின்னால் விழுந்துகொண்டே இருந்தது. அட்டை விழுங்கும் தட்டு காலி. படிப்பதற்கு அங்கே ஒரு அட்டைகூட இல்லை. ஒவ்வொரு மூன்றாவது வரிக்கும் கீழே அந்தச் சீட்டின் வாசகம். மறு அளவு எடுக்கவும். இருபத்தெட்டு. இடுப்புக்குக் கீழே உடம்பு மரத்துப்போயிற்று. பாரமாக, எதிர்த்துத் தள்ளுகிற பாரமாக, ஏதோ காலைச் சூழ்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. நடந்தால் சலசலத்தது.

சுவரில் இருந்த பெரிய சுவிட்சை எட்டிப் பிடித்து இழுத்தான்.

விளக்கு போயிற்று. விசிறிகள் இழுத்து இழுத்து ஓய்ந்தன. ஏ.சி. ஒரு முறை குலுங்கி அடங்கியது. அந்த அறையில் இவ்வளவு அமைதியை அவன் கேட்டதேயில்லை.

“பரசுராமா!”

குரல் சுற்றிச் சுற்றி மேலே போயிற்று. மேலே, மேலே, ரொம்ப தூரம் போயிற்று. எட்டடி உயரத்தில் கூரை இருக்கிற அறை அது.

கதவு இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினான். விரல்கள் தொட்டது கதவையல்ல. வழவழப்பு. பாசி. செங்கல். நகர்ந்து தடவினான். செங்கல். இன்னும் நகர்ந்தான். மூலையே வரவில்லை. சுவர் வளைந்து, வளைந்து, ஆரம்பித்த இடத்துக்கே அவனைக் கொண்டுவந்து விட்டது.

தண்ணீர் இடுப்பில் இருந்தது. இப்போது சத்தமும் கேட்டது.

கிர்ர்ர்.

எங்கோ உயரத்தில், இரும்பு மேல் இரும்பு. ஒரு கைப்பிடி சுற்றுகிற சத்தம். அவசரமில்லாத சத்தம். அண்ணாந்து பார்த்தான். ஒரு தட்டளவு வெளிச்சம். மழை நாளின் வெளிச்சம். அதன் ஓரத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை.

டேப் இறங்கி வந்தது. முகத்துக்கு நேரே. ஈயக் குண்டு மூக்கை உரசாமல் தாண்டிப் போயிற்று. வெள்ளையாக, சாக்கட்டி பூசி, புது வாசனையோடு. மார்பைத் தாண்டித் தண்ணீருக்குள் மூழ்கியது. நின்றது. மேலே போயிற்று.

மேலே அந்தத் தலை குனிந்து அளவைப் பார்த்தது. எழுதவில்லை.

இரண்டாம் முறை இறங்கியது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. மூழ்கியது. மேலே போயிற்று. எழுதவில்லை.

மூன்றாம் முறை. தோள்பட்டை.

மூன்றும் ஒன்றாக வரவில்லை. எப்படி வரும்? ஏறிக்கொண்டே இருக்கிறதே.

“அளவு சரிதான்! கலியா, நீ எழுதினது எல்லாம் சரிதான்! தப்பு என்னோடது!”

தலை அசையவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து கேட்குமா, தெரியவில்லை.

“எழுதிடு! ஏதாவது ஒண்ணு எழுதிட்டுத் தூக்கி விடு! பொய்யாவது எழுதுடா!”

மேலே அவன் டேப்பைத் துணியால் துடைத்தான். நிதானமாக, அஞ்சடிக்கும், மறுபடி சாக்கட்டி பூசினான். வெள்ளைத் தூள் தேசிகனின் நெற்றியிலும் மூடாத கண்ணிலும் உதிர்ந்தது. தண்ணீர் மோவாயைத் தொட்டது. கைப்பிடி சுற்ற ஆரம்பித்தது, டேப் இறங்கிக்கொண்டிருந்தது.